ரயில் கன்ட்ரோலரை வீட்டில் செய்வது: குமிழா, என்கோடரா, பழைய டிவி ரிமோட்டா?

கேள்வி, ஜூன் 7 (கடலூர் புதுப்பாளையத்திலிருந்து ஒரு வாசகர்)

எச்ஓ அளவில் (நிஜ ரயிலின் 87-ல் ஒரு பங்கு) சின்ன மாடல் ரயில் லேஅவுட். ஆர்டுயினோ மெகா போர்டும் மோட்டார் ஷீல்டும் வைத்து டிசிசி-இஎக்ஸ் (தண்டவாளம் வழியாகவே என்ஜினுக்கு டிஜிட்டல் கட்டளை அனுப்பும் டிசிசி முறைக்கான இலவச மென்பொருள்) போட்டாயிற்று, இரண்டு என்ஜின் ஓடுகிறது. இப்போது மொபைலில்தான் ஓட்டுகிறேன். கையில் பிடித்து ஓட்டும் கன்ட்ரோலரை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் ஒரு என்ஜின் விலை வந்துவிடுகிறது. வீட்டில் செய்ய முடியுமா, இல்லை இது இன்ஜினியர்கள் சமாச்சாரமா? சால்டரிங் தெரியும். புரோகிராம் அரைகுறை.

ஜூன் 7, இரவு

அரைகுறை போதும். கஷ்டமான பாதியை நீங்கள் ஏற்கெனவே முடித்துவிட்டீர்கள்.

டிசிசியில் தண்டவாளத்தில் எப்போதும் முழு வோல்டேஜ் இருக்கும். அதன் துருவத்தை மாற்றி மாற்றிப் போட்டுத்தான் செய்தி போகிறது. அரைச் சுற்று 58 மைக்ரோவிநாடி என்றால் அது 1, 100 மைக்ரோவிநாடியோ அதற்கு மேலோ என்றால் 0. முன்னால் வரிசையாக 1-கள், அப்புறம் என்ஜின் முகவரி, கட்டளை, கடைசியில் சரிபார்க்க ஒரு பைட். இதை ஓயாமல் அனுப்பிக்கொண்டிருப்பது மெகாவின் பொறுப்பு. கையில் இருக்கும் பெட்டிக்கு இந்த மைக்ரோவிநாடிக் கணக்கு எதுவும் தெரியவேண்டாம். ஓட்டலில் சர்வர் "மூணாம் டேபிளுக்கு ஒரு ரோஸ்ட்" என்று உள்ளே குரல் கொடுத்ததோடு அவர் வேலை முடிந்தது, கல்லில் மாவு ஊற்றுவது வேறு ஆள்.

கன்ட்ரோலர் கொடுக்க வேண்டிய குரல் இதுதான்: கோண அடைப்புக்குள் சின்ன எழுத்து டி, என்ஜின் முகவரி, வேகம், திசை. 3-ஆம் முகவரி என்ஜின் 50-ல் முன்னால் போக வேண்டுமென்றால் டி, 3, 50, 1. புது டிகோடர் (என்ஜினுக்குள் உட்கார்ந்து கட்டளையைப் படிக்கும் சின்ன சர்க்யூட்) பெரும்பாலும் 3-ஆம் முகவரியோடுதான் வரும். வேகம் 0 என்றால் நிற்கும், 126 உச்சம். வேகத்துக்குப் பதில் -1 போட்டால் அவசர நிறுத்தம். ஒரே ஒரு வரியை எழுதத் தெரிந்த எந்தச் சின்ன போர்டும் கன்ட்ரோலர் ஆகலாம். அதனால் "செய்ய முடியுமா" என்று கவலைப்படாதீர்கள். எதை வைத்து நிறுத்தப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஓட்டுவதற்கு ஆயிரம் வழி இருக்கிறது.

ஜூன் 8

"மொபைலே போதாதா?" என்று இன்னொருவர். "என்ஜின் டிரைவர்" என்ற ஆப் நல்ல ஆப், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஷண்டிங் (பெட்டிகளைக் கோத்துப் பிரிப்பது) பண்ணும்போது கண் கப்ளர் மேல் இருக்க வேண்டும், திரை மேல் இல்லை. கண்ணாடியில் விரலுக்குப் பிடிமானம் கிடையாது, எவ்வளவு நகர்த்தினோம் என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். போதாததற்கு, பெட்டியைக் கோக்கும் நேரம் பார்த்துத்தான் மாமியார் வீட்டிலிருந்து போன் வரும்.

ஜூன் 10

முதல் கன்ட்ரோலரை ஒயரில் செய்யுங்கள். வை-ஃபை ஆசை அப்புறம்.

வேண்டியது: ஆர்டுயினோ நானோ ஒன்று, 10 கிலோ ஓம் பாட் (பொட்டென்ஷியோமீட்டர், வேகத்துக்கான திருப்பும் குமிழ்) ஒன்று, திசைக்கு ஒரு டாகிள் சுவிட்ச், நிறுத்த ஒரு பெரிய அழுத்துப் பொத்தான். ரேடியோ மெக்கானிக் கடையில் வால்யூம் கன்ட்ரோல் என்று கேட்டாலும் கிடைக்கும், ஆனால் முதுகைத் திருப்பி பி10கே என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். ஏ10கே என்றால் அது பாட்டுச் சத்தத்துக்காக ஆனது. பாதித் திருப்பு வரை என்ஜின் ஊர்ந்துகொண்டே போகும், மிச்சப் பாதியில் பாய்ந்துவிடும்.

நானோ பாட்டைப் படித்தால் 0 முதல் 1023 வரை ஓர் எண் வரும். எட்டால் வகுத்தால் 127 படி. 126-க்கு மேல் போகாமல் வெட்டிவிடுங்கள். கீழ்க்கோடியில் கொஞ்ச தூரத்தை "எல்லாமே 0" என்று ஒதுக்கி வையுங்கள். இல்லையென்றால் குமிழை முழுக்கத் திருப்பிவைத்தும் என்ஜின் 1-ல் முனகிக்கொண்டு நிற்கும். எண் மாறினால் மட்டும் அனுப்ப வேண்டும், சும்மா சும்மா அனுப்பி மெகாவைத் திணற வைக்க வேண்டாம்.

திசை சுவிட்சுக்கு ஒரு விதி: வேகம் 0-க்கு வந்த பிறகு மாற்றினால்தான் செல்லும், ஓடும்போது தட்டினால் நானோ கண்டுகொள்ளக் கூடாது. டிகோடரில் வேகக் குறைப்பு வைத்திருந்தால் என்ஜின் மெல்ல நின்றுதான் திரும்பும். வைக்காத என்ஜின் அதே இடத்தில் எகிறித் திரும்பும், கியருக்கு அது நல்லதில்லை.

நானோவிலிருந்து மெகாவுக்கு மூன்றே ஒயர்: 5 வோல்ட், கிரவுண்ட், அனுப்பும் கம்பி. மெகா பதில் சொல்வதைக் கேட்க வேண்டிய அவசியம் இப்போதைக்கு இல்லை, ஒருவழிப் பாதை போதும்.

ஜூன் 11

ஒயர் எவ்வளவு நீளம் போகும் என்று கேட்டவருக்கு. இரண்டு மூன்று மீட்டர் வரை அப்படியே போகும். என்னுடையது இன்டர்நெட் இணைப்புக் கொடுக்க வந்தவர் மிச்சம் விட்டுப்போன கேட் 5 ஒயர். ஹாலைச் சுற்றி இழுக்கப் போகிறீர்கள் என்றால் இரண்டு முனையிலும் மேக்ஸ்485 சிப் போட்டு ஆர்எஸ்-485 (நீள ஒயருக்கான சிக்னல் முறை) ஆக்கிவிடுங்கள். மாடல் ரயில் கருவிகள் செய்யும் லென்ட்ஸ் (Lenz) நிறுவனத்தின் எக்ஸ்பிரஸ்நெட் கன்ட்ரோலர்கள் பேசுவதும் ஆர்எஸ்-485 கம்பியில்தான். விநாடிக்கு 62,500 பிட் அதன் வேகம். ஆக, நாம் புதுசாக எதையும் கண்டுபிடிக்கவில்லை.

ஜூன் 13

கேள்வி கேட்டவர் முதல் பெட்டியைக் கட்டிவிட்டார். ஆனால் குமிழைத் தொடாமலே என்ஜின் திக்கித் திக்கிப் போகிறதாம், பாட் சரியில்லையா என்கிறார்.

பாட்டைக் கழற்றும் முன் என்ஜினின் முன்விளக்கைப் பாருங்கள். திக்கும்போது விளக்கும் சேர்ந்து கண் சிமிட்டினால் தண்டவாளமோ சக்கரமோ அழுக்கு. டிகோடருக்கே கரன்ட் போகவில்லை என்று அர்த்தம். விளக்கு நிலையாக எரிந்து, வேகம் மட்டும் ஏறி இறங்கினால் அது குமிழின் வேலை. இந்த ஒரு சோதனை தெரியாமல் நல்ல கன்ட்ரோலரைப் பிரித்துப் போட்டவர்கள் உண்டு.

நம் ஊர்க் காற்றில் இரண்டுமே நடக்கும். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் மாடி அறையில் கடற்பக்க ஜன்னலை ராத்திரி திறந்துவைத்தால், காலையில் தண்டவாளத்தின் மேல் விரல் வைத்தாலே பிசுபிசுக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் துடைத்தால் துணியில் கறுப்பாக இரண்டு கோடு விழும். கோடு விழாதவரை துடைக்க வேண்டும். உப்புத்தாள் மட்டும் வேண்டாம். அது போடும் கீறல்களில் அடுத்த அழுக்கு இன்னும் சுகமாக உட்காரும்.

பாட்தான் என்று தெரிந்தால்: நடுக்காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் 104 என்று போட்ட சின்ன செராமிக் கெபாசிட்டர் ஒன்று. புரோகிராமில் பத்துத் தடவை படித்து சராசரி. அப்புறம், வேகம் ஒரு படி மட்டும் முன்பின் ஆடினால் கண்டுகொள்ளாதே என்று ஒரு வரி. இதற்கும் அடங்காவிட்டால் உள்ளே கார்பன் பட்டை போயிருக்கும். திறந்து பார்த்தால் தகரக் காதுகளில் பச்சை பூத்திருக்கும். தூக்கிப் போட்டுவிட்டு மூடி போட்ட பாட்டாக வாங்குங்கள்.

ஜூன் 15

பாட்டா, என்கோடரா? இந்தச் சண்டை ஆரம்பிக்கும் என்று தெரியும், ஆரம்பித்தாயிற்று.

என்கோடர் (முட்டாமல் சுற்றிக்கொண்டே இருக்கும் குமிழ்) கட்சி சொல்வது: ஒரே பெட்டியில் இரண்டு என்ஜினை மாற்றி மாற்றி ஓட்டினால் பாட் பொய் சொல்லும். முதல் என்ஜினை 80-ல் விட்டுவிட்டு, நிற்கிற இரண்டாவதை எடுக்கிறீர்கள். குமிழ் இன்னும் 80-லேயே இருக்கிறது. எடுத்த உடனே அதுவும் 80-க்கு எகிறும். என்கோடருக்கு "எங்கே இருக்கிறேன்" என்பதே கிடையாது, வலப்பக்கம் ஒரு கிளிக், இடப்பக்கம் ஒரு கிளிக் என்று மட்டும் சொல்லும். அதனால் எந்த என்ஜினை எடுத்தாலும் அது ஓடிக்கொண்டிருக்கும் வேகத்திலிருந்தே தொடரலாம். நியாயம்தான். கேஒய்-040 என்று சல்லிசாகக் கிடைக்கும் போர்டு ஒரு சுற்றுக்கு 20 கிளிக். கிளிக்குக்கு ஒரு படி வைத்தால் உச்ச வேகத்துக்கு ஆறு சுற்றுக்கு மேல் சுற்ற வேண்டும், கிணற்றில் நீர் இறைத்த மாதிரி ஆகிவிடும். வேகமாகச் சுற்றினால் கிளிக்குக்கு நான்கு படி, மெல்லச் சுற்றினால் ஒரு படி என்று எழுதிக்கொள்ளுங்கள்.

பாட் கட்சியில் நான். காரணம் ஒன்றே ஒன்று. இருட்டில், கண்ணை எடுக்காமல், குமிழை இடப்பக்கம் முட்டும்வரை திருப்பினால் என்ஜின் நின்றே தீரும். என்கோடருக்கு அந்த முட்டுச் சுவர் கிடையாது. திருப்பிக்கொண்டே இருக்கலாம், நின்றதா இல்லையா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். (என்கோடரை அழுத்தினால் நிற்கும்படி வைக்கலாமே என்பீர்கள். வைக்கலாம். பதற்றத்தில் அழுத்தும்போது லேசாகத் திருகியும் விடுகிறோம், அதற்கும் புரோகிராமில் இடம் விட வேண்டும்.)

எகிறும் பிரச்சினைக்கு பாட்டிலேயே மருந்து இருக்கிறது. புது என்ஜினை எடுத்ததும் குமிழை நானோ மதிக்காது. குமிழ் அந்த என்ஜினின் அப்போதைய வேகத்தைக் கடக்கும் கணத்தில் "பிடித்துக்கொண்டேன்" என்று ஒரு எல்இடி எரியும், அதன் பிறகுதான் கட்டுப்பாடு. ஆறேழு வரிப் புரோகிராம்.

ஜூன் 15, கொஞ்ச நேரம் கழித்து

இன்னொரு பக்கமும் இருக்கிறது. முதல் நாள் எங்கள் வீட்டுக்கு வந்த பொடியன்களிடம் இரண்டு பெட்டியையும் கொடுத்துப் பார்த்தேன். "பிடித்துக்கொள்ளும்" சமாச்சாரம் அவர்களுக்குப் பிடிபடவே இல்லை. திருப்புறேன், ஓட மாட்டேங்குது அங்கிள் என்று கொடுத்துவிட்டார்கள். என்கோடரை ஒரு வார்த்தை சொல்லாமலே ஓட்டினார்கள். ஆக, பெட்டி உங்களுக்கு மட்டும் என்றால் பாட். விருந்தாளிக் கைக்கும் போகும் என்றால் என்கோடர், கூடவே தனியாகச் சிவப்புப் பொத்தான்.

ஜூன் 16

"சிசிடிவி கேமராவின் 12 வோல்ட் அடாப்டர் வீட்டில் கிடக்கிறது, தண்டவாளத்துக்கு அது போதுமா?"

ஓடும், ஆனால் சோம்பேறித்தனமாக. மோட்டார் ஷீல்டில் இருக்கும் எல்298 சிப்பே 2 வோல்ட் அளவுக்குத் தின்றுவிடும், தண்டவாளத்துக்கு வருவது பத்துச் சொச்சம். எச்ஓவுக்கு 15 வோல்ட் அடாப்டர் தேடுங்கள். ஒரு எச்சரிக்கை: ஷீல்டில் வின் இணைப்பு என்று ஒரு சின்னச் செம்புக் கோடு இருக்கும். அதை வெட்டாமல் 15 வோல்ட்டை ஷீல்டில் கொடுத்தால் அது மெகாவின் ரெகுலேட்டருக்கும் போகும், கொதிக்கும். வெட்டிவிட்டு மெகாவுக்குத் தனியாக 9 வோல்ட் கொடுங்கள்.

ஜூன் 19

வை-ஃபை கேட்டு நச்சரிப்பவர்களுக்கு. வை-ஃபையோடு வரும் இஎஸ்பி32 போர்டு, ஓர் என்கோடர், மூன்றுக்கு நான்கு கீபேடு, சின்ன ஓஎல்இடி திரை. இதை வைத்து விட்கன்ட்ரோலர் என்று ஒரு திட்டம் இலவசமாகவே கிடைக்கிறது, ஒரு வரி எழுதாமல் அப்படியே ஏற்றிக்கொள்ளலாம். அது பேசுவது விதிராட்டில் (WiThrottle) என்ற வை-ஃபை கட்டளை மொழி. மொபைல் ஆப்பும் அதே மொழிதான் பேசும், டிசிசி-இஎக்ஸுக்கும் அது புரியும்.

நானே எழுதுகிறேன் என்று இறங்கினால் இரண்டு பள்ளம் இருக்கிறது. ஒன்று, இஎஸ்பி32-ல் அனலாக் படிக்கும் பகுதி இரண்டு. வை-ஃபை ஓடும்போது இரண்டாவது பகுதி வேலை செய்யாது, பாட்டை முதல் பகுதியின் கால்களில்தான் மாட்ட வேண்டும். மற்றது பேட்டரி. 18650 லித்தியம் செல் 3.7 வோல்ட். அதை போர்டின் 5 வோல்ட் காலில் கொடுத்தால் நடுவில் இருக்கும் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் ஒரு வோல்ட்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். 3.3 வோல்ட் வேண்டிய சிப்புக்கு 2.6 வருகிறது. வை-ஃபை எழும்பும் நொடியில் மயங்கி விழுந்து மறுபடி எழும், மறுபடி விழும். பேட்டரிக்கென்றே சாக்கெட் வைத்த போர்டுகள் இருக்கின்றன, அதை வாங்குங்கள்.

ஜூன் 20

நேற்றைய குறிப்புக்கு ஒருவர்: "ஓடிக்கொண்டிருக்கும்போது கன்ட்ரோலர் பேட்டரி தீர்ந்தால் என்ஜின் நின்றுவிடும்தானே?"

நிற்காது. இந்த இழையில் ஒன்றை மட்டும் படித்துவிட்டுப் போகிறவர்கள் இதைப் படியுங்கள். கடைசியாகக் கேட்ட வேகத்தை மெகா திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கும். அழுக்குத் தண்டவாளத்தில் ஒரு செய்தி தவறினாலும் அடுத்தது பிடித்துக்கொள்ளட்டும் என்றுதான் அந்த ஏற்பாடு. உங்கள் பெட்டி செத்தது அதற்குத் தெரியாது. என்ஜின் மேசை விளிம்பு வரை அதே 60-ல் போகும்.

விதிராட்டில் மொழியில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். இத்தனை விநாடிக்கு ஒருமுறை "இருக்கிறேன்" என்று கன்ட்ரோலர் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் மறுமுனை அந்த என்ஜினை அவசரமாக நிறுத்திவிடும். ஆனால் கண்காணிக்கச் சொல்லி கன்ட்ரோலர்தான் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். சொந்தமாக எழுதுகிறவர்கள் இந்த வரியைத்தான் "அப்புறம் பார்ப்போம்" என்று விடுவார்கள், விடாதீர்கள். நான் சொன்ன மூன்று ஒயர் நானோவில் இந்தக் காவல் கிடையவே கிடையாது. பிளக்கை உருவினாலும் ரயில் ஓடும். அதற்கு என் மருந்து எலக்ட்ரானிக்ஸே இல்லை: 15 வோல்ட் ஒயரில், மரம் அறுக்கும் மெஷினில் இருக்குமே, அடித்தால் உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும் சிவப்புக் காளான் பொத்தான், அது. எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும். மேசையின் முன்பக்கம், குழந்தைக்கும் எட்டும் உயரத்தில்.

கன்ட்ரோலரில் இருக்கும் பொத்தானுக்கு ஆச்சரியக் குறி ஒன்றைக் கோண அடைப்புக்குள் அனுப்பினால் போதும், எல்லா என்ஜினும் நிற்கும். இது 0 வேகம் போலில்லை. டிகோடரில் நீங்கள் வைத்திருக்கும் மெல்ல நிற்கும் அமைப்பை மதிக்காமல் அங்கேயே நிறுத்தும்.

ஜூன் 21

கரன்ட் போய் வந்தால்? நம் ஊரில் இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் அதிசயம். மெகா மறுபடி எழும்போது தண்டவாளத்துக்குக் கரன்ட்டை அணைத்துவைத்தே எழும், நீங்கள் போட்டால்தான் வரும். நல்ல புத்தி. அதைத் தானாகப் போடும்படி மாற்றி எழுத வேண்டாம்.

ஜூன் 22

ஞாயிறு சந்தை. காந்தி வீதியில் துணிக் குவியல்களைத் தாண்டி ஒருவர் பழைய ரிமோட்டுகளை சாக்கில் கொட்டி வைத்திருந்தார், எதன் ரிமோட் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் கவலையில்லை. டிஎஸ்ஓபி1738 என்ற மூன்று கால் ரிசீவர் 38 கிலோஹெர்ட்ஸில் வரும் எந்த ரிமோட்டையும் கேட்கும். எந்தப் பொத்தானுக்கு என்ன எண் வருகிறது என்று பார்த்து, சத்தம் கூட்டும் பொத்தானை வேகத்துக்கும், மியூட்டை நிறுத்தத்துக்கும் கட்டிவிட்டேன். இதையும் தனி நானோவில் செய்யுங்கள். மெகாவிலேயே செருகினால் அது தண்டவாளத்துக்குத் துடிப்பு அனுப்பும் நேரக்கணக்கோடு மல்லுக்கு நிற்கும்.

உலகிலேயே மலிவான கம்பியில்லாக் கன்ட்ரோலர் இதுதான் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். சாயங்காலம் ஹாலில் சீரியலுக்கு சத்தம் கூட்டினார்கள், கதவு திறந்திருந்தது, சரக்கு வண்டி வேகம் எடுத்தது. வேறு கம்பெனி ரிமோட்டாகப் பார்த்து மாற்றினேன். விளையாட்டுக்கு நல்லது. நேர்ப்பார்வை வேண்டும் என்பதால் ஷண்டிங்குக்கு உதவாது.

ஜூன் 24

தலைப்பை விட்டு விலகுகிறோம், பரவாயில்லை. கடலூர் முதுநகர்க்காரர் ஒருவர் பழைய மீட்டர் கேஜ் கடலூர் துறைமுக சந்திப்பைச் செய்ய ஆசைப்படுகிறார், அகலப் பாதை வருவதற்கு முந்தைய தோற்றம். 1:87-ல் மீட்டர் கேஜ் என்றால் பதினொன்றரை மில்லிமீட்டர். எச்ஓஎம் என்று 12 மில்லிமீட்டர் தண்டவாளம் விற்கிறது, கிட்டத்தட்டப் பொருந்தும், என்ன, பெரும்பாலும் சுவிஸ் மலை ரயிலாக இருக்கும். நம் மீட்டர் கேஜில் ஓடிய வைபி நீராவி என்ஜினை நாமே உடல் கட்டி ஏற்ற வேண்டியதுதான். நம் அகலப் பாதை 1,676 மில்லிமீட்டரைக் குறுக்கினால் பத்தொன்பது மில்லிமீட்டருக்கு மேல் வர வேண்டும். நாம் எல்லோரும் பதினாறரையில் ஓட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்கிறோம். கன்ட்ரோலருக்கு எந்த கேஜும் ஒன்றுதான்.

புதுச்சேரிக்காரர்களுக்கு வேறு சிக்கல். பிரான்சிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த பழைய ஜுவெஃப் கம்பெனி மாடல் என்ஜின் அலமாரியில் இருக்கிறது, டிஜிட்டல் தண்டவாளத்தில் வைக்கலாமா என்று கேட்டு வந்திருக்கிறது. டிகோடர் போடாமல் வைக்காதீர்கள். மோட்டார் நின்ற இடத்தில் ரீங்கரித்துச் சூடாகும். டிகோடர் போடும் முன் மோட்டாரின் இரண்டு பிரஷ்ஷும் உலோக அடிச்சட்டத்திலிருந்து பிரிந்திருக்கிறதா என்று மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்துப் பாருங்கள். எங்காவது பீப் அடித்தால் முதல் பவரிலேயே டிகோடர் போய்விடும்.

ஜூன் 29

கேள்வி கேட்டவரிடமிருந்து. சோப்பு டப்பாவில் கட்டிவிட்டாராம், குமிழ் பழைய ஃபேன் ரெகுலேட்டருடையது, மெகாவில் ஒன்றாம் சீரியல் போர்ட்டின் 19-ஆம் காலில் செருகி, கட்டளை கேட்கும் வரியையும் திறந்துவிட்டிருக்கிறார். நானோவின் விளக்கு மின்னுகிறது, என்ஜின் அசையவில்லை. மொபைலில் மட்டும் ஓடுகிறது.

மொபைலில் ஓடுகிறது என்றால் மெகாவில் வை-ஃபை சிப் மாட்டியிருக்கிறீர்கள், அண்ணே. அது வழக்கமாக உட்காருவதே அந்த ஒன்றாம் சீரியலில், 18, 19-ஆம் கால்களில்தான். ஒரே காலில் இரண்டு பேர் பேசினால் மெகா யாரைக் கேட்கும்? நானோவின் கம்பியை 17-க்கு மாற்றுங்கள், அமைப்புக் கோப்பில் இரண்டாம் சீரியலின் வரியைத் திறந்து, ஒன்றாம் சீரியலுக்கான வரியை மூடிவிட்டு மறுபடி ஏற்றுங்கள். செய்தி போகும் வேகம் இரண்டு பக்கமும் 115200 தானா என்று ஒருமுறை பாருங்கள். கிரவுண்ட் ஒயரை மறக்க வேண்டாம்.